ஓடினால் மோடு மாறும் டார்ச்: இரவு விளையாட்டுக்குச் சரிவருமா?

டார்ச்சின் பின்பக்க சுவிட்சை மாற்றி, ஸ்பிரிங்கையும் புதிதாகப் பற்றவைத்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். பிள்ளைகள் இரவில் மைதானத்தில் ஒளிந்து விளையாட விலை குறைவான டார்ச் எதை வாங்கலாம் என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். என்னிடம் இருக்கும் அதே டார்ச்சின் விலை இப்போது இறங்கியிருக்கிறது என்றும் சொன்னார். "நீங்கள் நெடுநாளாக வைத்திருக்கிறீர்களே, நல்லதுதானே?" என்று கேட்டவருக்கு ஒரு வார்த்தையில் ஆமாம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எல்லோரும் பார்த்திருக்கும் வகைதான். ஒரே ஒரு 18650 லித்தியம் பேட்டரி (18 மி.மீ. தடிமனும் 65 மி.மீ. நீளமும் உள்ள உருளை), அலுமினிய உடம்பு, பின்னால் ரப்பர் போர்த்திய ஒற்றை சுவிட்ச், ஐந்து மோடு. முதலில் அதிக வெளிச்சம், பிறகு நடுத்தரம், பிறகு குறைவு, பிறகு படபடவென்று வெட்டும் ஸ்ட்ரோப், கடைசியில் ஆபத்தில் உதவி கேட்டு மின்னும் எஸ்ஓஎஸ். ஒவ்வொரு தட்டலுக்கும் அடுத்ததற்குப் போகும்.

நல்லதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது நிறையவே இருக்கிறது. கல்லில் விழுந்திருக்கிறது. மழையில் நனைந்திருக்கிறது. ஈரப் புல்லில் விடிய விடியக் கிடந்திருக்கிறது. இன்றுவரை கண்ணாடிக்குள் ஆவி படியவில்லை. மரையில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கு எப்போதாவது ஒரு துளி சிலிக்கான் கிரீஸ் தடவுவேன், அவ்வளவுதான் பராமரிப்பு. பெட்ரோலியம் ஜெல்லி மட்டும் வேண்டாம், சில வகை ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். உடம்பு குட்டையாக இருப்பதால் சின்னக் கைக்கும் பிடி கிடைக்கிறது. நடுத்தர மோடில் வைத்தால் ஒரு மாலை விளையாட்டு முழுவதும் தாங்கிவிட்டு இன்னும் மிச்சம் வைத்திருக்கும். இழுத்துக் குவிக்கும் ஜூம் லென்ஸ் இல்லாததும் நல்லதே. ஜூம் டார்ச்சை இழுக்கும்போதெல்லாம் காற்றோடு தூசியும் ஈரமும் உள்ளே போகும், குவித்தால் எல்இடியின் சதுர உருவம்தான் சுவரில் விழும். விளையாட்டுக்கு நடுவில் ஒரு பிரகாசமான வட்டமும் அதைச் சுற்றிப் பரவலான மெல்லிய வெளிச்சமும் வேண்டும். புதருக்குப் பின்னால் அசையும் காலை அந்தப் பரவல் வெளிச்சம்தான் காட்டிக்கொடுக்கும்.

பெட்டியில் போட்டிருக்கும் லூமென் (மொத்த வெளிச்சத்தின் அளவு) கணக்கைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்று டார்ச்சுகளுக்கென்றே ஓர் அளவீட்டு முறை 2009இல் வந்தது. அதன்படி, விளக்கைப் போட்டு 30 விநாடி முதல் 2 நிமிடத்துக்குள் அளந்த வெளிச்சத்தைத்தான் லூமெனாகப் போட வேண்டும். அந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை எரிவதுதான் எரியும் நேரம். தூரம் என்பது வெளிச்சம் 0.25 லக்ஸாக, ஏறக்குறைய பௌர்ணமி நிலவொளி அளவுக்கு, இறங்கும் இடம். மலிவான பெட்டிகளில் இந்த முறையின் பெயரே இருக்காது, ஆனால் ஐந்து இலக்கத்தில் லூமென் இருக்கும். ஒற்றை 18650 போடும் சின்ன டார்ச் அந்த வெளிச்சத்தை அரை நிமிடம்கூடத் தாங்காது. அதேபோல, நல்ல தயாரிப்பாளர்களின் 18650 பேட்டரிகளே பெரும்பாலும் கொள்ளளவில் 3500 மில்லி ஆம்பியர்-மணியை ஒட்டித்தான் நிற்கின்றன. 9900 என்று அச்சடித்த பேட்டரி கூடவே வந்தால், அந்தப் பெட்டியில் மற்ற எண்களும் எப்படிப்பட்டவை என்று தெரிந்துகொள்ளலாம்.

விளையாட்டுக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும்? தேடுகிறவருக்கு 100 லூமென் தாராளம். நடந்து போக 10 லூமெனே போதும். தூரத்துக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: கேண்டலாவின் (ஒரு திசையில் குவியும் வெளிச்சத்தின் செறிவு) வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டர் கிடைக்கும். 2500 கேண்டலா என்றால் 100 மீட்டர். அதை 200 ஆக்க 10000 கேண்டலா வேண்டும். மைதானத்தின் மறுகோடிக்கு 100 மீட்டர் எட்டினால் போதாதா? அதற்கு மேல் தருகிற டார்ச் எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைக்கத்தான் உதவும்.

இந்த டார்ச்சில் நான் எதிர்பார்க்காமல் கிடைத்த சந்தோஷம் அதன் குறைவு மோடு. வாங்கும்போது அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். விழித்திரையில் மங்கலான வெளிச்சத்தைப் பார்க்கும் செல்களில் இருக்கும் ரோடாப்சின் என்ற நிறமி மெல்ல மெல்லத்தான் மறுபடி சேரும். பளீரென்ற வெள்ளை வெளிச்சம் சில விநாடி பட்டாலே அது கரைந்துவிடும், பிறகு மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். குறைவு மோடில் விளையாடிப் பார்த்தபோதுதான் விளையாட்டே மாறியது. டார்ச்சை அணைத்த பிறகும் பிள்ளைகளுக்கு மரத்தின் வரிவடிவம் தெரிகிறது, தரையில் வேர் தெரிகிறது, யாரோ குனிந்து ஓடுவது தெரிகிறது. ஒளிந்திருப்பவரும் தேடுபவரும் ஒருவரையொருவர் நிஜமாகவே உற்றுப் பார்க்கிறார்கள், கேட்கிறார்கள். முன்பக்கக் கண்ணாடியில் ஒரு துண்டு சிவப்பு செலோபேன் ஒட்டினால் இன்னும் சுகம், அந்தச் செல்களுக்குச் சிவப்பு அவ்வளவாக உறைக்காது. அந்த மங்கிய வெளிச்சத்தில் நடந்த ஆட்டங்களை நினைத்தால் இந்த டார்ச்சின் மேல் எனக்கு இன்றும் பிரியம் வருகிறது.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

இந்த டார்ச் ஓடினால் மோடு மாறுகிறது. குறைவு மோடில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை எதிரணியின் கொடியைப் பறிக்க ஓடுகிறது, ஐந்தாறு எட்டில் கையில் இருப்பது ஸ்ட்ரோப் ஆகிவிடுகிறது. குதித்தால் மாறும். கைமாற்றி எறிந்து பிடித்தால் மாறும். மரத்தில் லேசாக இடித்தாலும் மாறும். பதுங்கிப் பதுங்கி வந்த பிள்ளை திடீரென்று நடு மைதானத்தில் மின்னிக்கொண்டு நிற்கும். ஆட்டம் அங்கேயே போச்சு. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்க முடியாது. கொஞ்சம் பெரியவர்கள் ஆட்டத்திலும் இதே கதைதான். இருமுறை மின்னினால் "வா", ஒருமுறை மின்னினால் "அசையாதே" என்று சைகை வைத்துக்கொண்டு ஆடுவோம். இரண்டாவது மின்னலிலேயே அது வேறு மோடுக்குப் போயிருக்கும்.

ஏன் இப்படி என்று திறந்து பார்த்தபோது காரணம் தெளிவாகவே தெரிந்தது. மலிவான டார்ச்சில் மோடு மாற்றத் தனி பட்டன் கிடையாது. மின்சாரம் கணநேரம் அறுந்து மறுபடி வந்தால், உள்ளே இருக்கும் சின்னச் சர்க்யூட் அதை "அடுத்த மோடு" என்று எடுத்துக்கொள்ளும். சுவிட்சை லேசாகத் தட்டும்போது நடப்பதும் அதேதான். ஆனால் மின்சாரம் எதனால் அறுந்தது என்று அந்தச் சர்க்யூட்டுக்குத் தெரியாது. என் டார்ச்சில் பின்மூடியில் மட்டும் ஸ்பிரிங் இருக்கிறது, முன்பக்கம் வெறும் பித்தளைப் பொட்டு. பேட்டரி ஐம்பது கிராமை நெருங்கும் எடை. ஓடும்போது கை வீச்சில் அந்த எடை பின்னால் போய் ஸ்பிரிங்கை அமுக்கும், முன்பக்கப் பொட்டிலிருந்து ஒரு நொடியின் சிறு பின்னத்துக்கு விலகும். அவ்வளவுதான், அடுத்த மோடு. ஸ்பிரிங் தளரத் தளர இது அதிகமாகிக்கொண்டே போகும். புதிதில் எப்போதாவது, பிறகு அடிக்கடி, கடைசியில் நடந்தாலே.

இதில் எனக்குப் பொறுக்காதது, சுற்றில் ஸ்ட்ரோப் இருப்பது. வெளிச்சம் கூடுவதும் குறைவதும்கூடப் போகட்டும் என்று விடலாம். இருட்டுக்குப் பழகிய கண்ணில் ஸ்ட்ரோப் பட்டால் தலையே சுற்றும். எதிரே ஓடி வரும் பிள்ளைக்குப் பள்ளம் தெரியாது, கயிறு தெரியாது. விநாடிக்கு 3 முதல் 30 முறை வரை மின்னும் ஒளி, ஒளிக்கூச்ச வலிப்பு உள்ளவர்களுக்கு வலிப்பைத் தூண்டக்கூடும். டார்ச்சுகளின் ஸ்ட்ரோப் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ளேதான் இருக்கிறது. கூட்டமாக வரும் பிள்ளைகளில் யாருக்கு அந்தச் சிக்கல் இருக்கிறது என்று நமக்குத் தெரியுமா, அவர்களுக்கே தெரியுமா? யாரும் கேட்காத ஒரு மோடை எல்லா மலிவு டார்ச்சிலும் ஏன் திணிக்கிறார்கள்? "ஐந்து மோடு" என்று பெட்டியில் போட்டுக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

வரிசையும் தவறு. குறைவு மோடு மூன்றாவது இடத்தில் இருக்கிறது. அங்கே போக முதலில் அதிக வெளிச்சத்தைக் கடந்தே ஆக வேண்டும். கண்ணைப் பழக்கி வைத்துவிட்டு, பழகிய கண்ணுக்கு ஏற்ற மோடைப் போடப் போனால், அதுவே கண்ணைக் கெடுத்துவிட்டுத்தான் அந்த மோடைத் தரும். நான் உள்ளங்கையால் முன்பக்கத்தை மூடிக்கொண்டு தட்டப் பழகிவிட்டேன். ஏழு வயதுப் பிள்ளையிடம் அதை எதிர்பார்க்க முடியுமா?

பழுது பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுவிட்ச் மாற்றுவது எளிது: பின்மூடிக்குள் இரண்டு துளை உள்ள வளையம் இருக்கும், மூக்குக் கட்டிங்பிளேயரின் இரு முனையையும் அதில் வைத்துச் சுற்றினால் கழன்று வரும். புது சுவிட்சாக அரை அழுத்தத்திலேயே விளக்கு எரியும் வகையைப் போட்டேன், சைகைக்கு அதுதான் வசதி. ஆனால் மோடு சர்க்யூட் பழையதே என்பதால் சீக்கிரம் சீக்கிரமாக அழுத்தினால் இப்போதும் மோடு தாவுகிறது. ஸ்பிரிங்கை இன்னும் விறைப்பான ஒன்றாக மாற்றியதில் பலன் தெரிகிறது. நடந்தால் மாறுவதில்லை, மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை. குதித்தால் இன்னும் மாறுகிறது. முன்பக்கமும் ஸ்பிரிங் வைத்தால் தீரும், ஆனால் உள்ளே அதற்கு இடமில்லை. பாதுகாப்புச் சர்க்யூட் வைத்த பேட்டரி சில மில்லிமீட்டர் நீளம் கூடியது, அதுவும் நுழையாது. இடைவெளியை அடைக்க அலுமினிய ஃபாயிலை மடித்து வைப்பதும் காந்தத் துண்டு வைப்பதும் சிலர் சொல்லும் வழி. தயவுசெய்து செய்யாதீர்கள். அது நகர்ந்து இரு முனையையும் சேர்த்துவிட்டால் லித்தியம் பேட்டரி கையிலேயே கொதித்துவிடும்.

சார்ஜ் போடுவதிலும் ஒரு குறை உண்டு. டைப்-சி துளை இருக்கிறது, ஆனால் இரு பக்கமும் டைப்-சி உள்ள வயரில் சார்ஜ் ஏறாது, பழைய தட்டை முனை வயர்தான் வேண்டும். துளைக்குப் பின்னால் இருக்க வேண்டிய இரண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை வைக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும். அதை நான் மன்னித்துவிட்டேன்.

ஆக, நண்பருக்கு என்ன சொல்வது? வெளிச்சம் நல்லது, உடம்பு நல்லது, தண்ணீர் புகவில்லை, குறைவு மோடு அருமை, விலையும் இறங்கியிருக்கிறது. கூட்டிப் பார்த்தால் வாங்கு என்றுதான் வர வேண்டும். நான் வாங்காதீர்கள் என்கிறேன். ஓடுவதற்காக வாங்கும் டார்ச் ஓடும்போது சொன்னபடி நிற்காவிட்டால் மற்ற நல்லதெல்லாம் எனக்குக் கணக்கில் வரவில்லை. நின்ற இடத்தில் பயன்படுத்த, இரவில் கூடாரம் அடிக்க, மின்சாரம் போனால் மேசையில் வைக்க, தாராளமாக வாங்குங்கள்.

விளையாட்டுக்கு ஒரே ஒரு ஏஏ பேட்டரி போடும், போட்டால் எரியும் அழுத்தினால் அணையும் டார்ச்சைப் பாருங்கள். இரண்டு மோடுக்கு மேல் இருக்க வேண்டாம், இரண்டு என்றால் குறைவு முதலில் வரட்டும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் வகை ஏஏ பேட்டரி வாங்கினால் செலவும் குறையும். சாதாரண ஆல்கலைன் பேட்டரி என்றால் விளையாட்டில்லாத மாதங்களில் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள், கசிந்தால் ஸ்பிரிங்கை அரித்துவிடும். பிள்ளைகள் தாங்களே பேட்டரி மாற்றினாலும் பயம் குறைவு, தளர்வாகக் கிடக்கும் லித்தியம் பேட்டரி அப்படியில்லை. மணிக்கட்டுக் கயிறு கட்ட ஒரு துளையாவது இருக்கட்டும். முகத்துக்கு நேரே அடிக்கக் கூடாது, இடுப்புக்குக் கீழேதான் என்ற விதியை ஆட்டம் தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள்.

எதை எடுத்தாலும் பணம் கொடுக்கும்முன் ஒரு சோதனை செய்யுங்கள். பேட்டரி போட்டு விளக்கை எரியவிட்டு, டார்ச்சின் பின்பக்கத்தை இன்னொரு உள்ளங்கையில் நான்கைந்து முறை நன்றாக அடியுங்கள். பிறகு திருப்பி முன்பக்கத்தையும் அதேபோல அடியுங்கள். வெளிச்சம் ஒருமுறை சிமிட்டினாலும், மோடு தாவினாலும், அதை அங்கேயே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். மூடியைக் கழற்ற விட்டால் முன்பக்கமும் ஸ்பிரிங் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிராண்டு பெயர் கேட்காமலே எடுக்கலாம்.