ஸ்னூக்கரில் முதல் அடி: பாக் வரை திரும்புவதா, கொத்தின் பின்னால் ஒதுங்குவதா?

சென்ற பருவமழைக் காலம் முழுவதும் நான் ஸ்னூக்கர் ஃப்ரேமை, அதாவது ஒரு சுற்று ஆட்டத்தை, தொடங்கும் விதத்தை மாற்றி ஆடினேன். பல ஆண்டுகளாகக் கைப்பழக்கமாகிவிட்ட அடியை ஒதுக்கி வைத்தேன். தொழில்முறை ஆட்டக்காரர் மார்க் வில்லியம்ஸ் பெரிய போட்டிகளில் ஆடி விவாதத்தைக் கிளப்பிய மென்மையான தொடக்கத்தைப் பழகினேன். தை பிறந்ததும் பழைய அடிக்கே திரும்பிவிட்டேன். எங்கள் கிளப்பில் புதிதாக ஆட வரும் பிள்ளைகள் காரணம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்லி முடிகிற காரணம் அல்ல அது.

பழைய அடி எல்லோரும் அறிந்ததுதான். நாம் நின்று தொடங்கும் முனைதான் பாக்; அங்கே வெள்ளைப் பந்தைப் பழுப்புக்கும் மஞ்சளுக்கும் இடையில் வைக்கிறோம். வலது சைடு கொடுத்து (பந்தின் வலப்பக்கத்தில் அடித்துச் சுழலவிட்டு), எதிர்ப்பக்கம் முக்கோணமாக அடுக்கிய சிவப்புகளின் கொத்தில், கடைசி வரிசையின் வலது கோடியில் இருக்கும் சிவப்பைக் கால்வாசிப் பந்து அளவுக்கு உரசுகிறோம். வெள்ளை மேல் குஷனிலும் (பாக்குக்கு எதிர்முனையில் உள்ள மேசை விளிம்பிலும்) வலது குஷனிலும் பட்டு, நீலத்துக்குக் கீழே, பாக் பக்கமாக, மேசையைக் குறுக்காகக் கடந்து, இடது குஷனைத் தொட்டு, பாக் குஷனை ஒட்டிப் பச்சைக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும்.

மென்மையான அடியில் சிவப்பை உரசும் வேலை கிடையாது. நான் ஆடிய வகையில், வெள்ளையை மஞ்சளை ஒட்டி வைத்து, கொத்தின் வலது ஓரத்தைத் தொடாமல் கடக்கவிட்டேன். அது மேல் குஷனில் பட்டுத் திரும்பி, கடைசி வரிசையைப் பின்புறமாகத் தொட்டு அங்கேயே நின்றுவிடும். கொத்து கலையாது. எதிராளிக்குப் பாட் செய்ய, அதாவது குழியில் தள்ள, சிவப்பு எதுவும் இருக்காது. கொத்தைப் பலமாக அடித்துச் சிதறடிக்கும் மூன்றாவது வழியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. அது ஃப்ரேமைத் தூக்கிக் கொடுப்பது.

மென்மையான அடி சரியாக விழுந்தால் அதற்கு ஈடு கிடையாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பழைய அடி எவ்வளவு நன்றாக விழுந்தாலும் ஒன்றிரண்டு சிவப்புகள் கொத்தை விட்டு வெளியே வரத்தான் செய்யும். இன்றைய தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குப் பாக் குஷனிலிருந்து ஒரு நீளச் சிவப்பு, அதாவது தொலைவிலிருந்து பாட் செய்யக்கூடிய சிவப்பு, தெரிந்தால் போதும். 2000, 2003, 2018 என மூன்று முறை உலகப் பட்டம் வென்ற வில்லியம்ஸ் மாற்று வழி தேடியதில் வியப்பில்லை. அப்படித் தொடங்குவது ஆட்டத்தைக் கெடுக்கிறது, தடை செய்ய வேண்டும் என்று சிலர் கோபப்பட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அமெரிக்காவில் ஆடப்படும் ஒன் பாக்கெட் பூலிலும் தொடக்க அடி தற்காப்புக்கானதுதான். ஆனால் அங்கே பந்துகள் மோதிய பிறகு ஏதாவது ஒரு பந்து குஷனைத் தொட வேண்டும், அல்லது குழியில் விழ வேண்டும். ஸ்னூக்கரில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. விதி அனுமதிப்பதை ஆடுவதில் குற்றமில்லை.

பிறகு நான் ஏன் அதை விட்டேன்? அடி தவறும்போது என்ன மிஞ்சுகிறது என்பதே காரணம். எல்லாமே அந்த ஒரு கணக்கில்தான் இருக்கிறது.

மேசையின் அளவை எண்ணிப் பாருங்கள். வெள்ளையை வைக்கும் பாக் கோட்டிலிருந்து மேல் குஷன் வரை 9 அடிக்குச் சற்று மேல். மேல் குஷனிலிருந்து கொத்தின் கடைசி வரிசை வரை ஏறத்தாழ 2 அடி. மென்மையான அடியில் வெள்ளை அந்த 9 அடியை ஓடி, குஷனில் வேகத்தை இழந்து, மீதியுள்ள 2 அடியை மெல்லச் சாகும் வேகத்தில் கடந்து, ஒரு சிவப்பைத் தொட வேண்டும். தொடாமல் நின்றுவிட்டால் ஃபவுல், எதிராளிக்கு 4 புள்ளி. கொஞ்சம் வேகம் கூடிவிட்டால் சிவப்புகள் பிரிந்து கறுப்பைச் சுற்றி விரியும். வெள்ளையும் அவற்றுக்கு நடுவிலேயே நிற்கும். எதிராளி 9 அடியிலிருந்து குறிவைக்க வேண்டியதில்லை. கை எட்டும் தூரத்தில் சிவப்பும் பக்கத்தில் கறுப்பும் அவருக்குக் காத்திருக்கும்.

அந்த வேகத்தைத் துல்லியமாக அளந்து அடிப்பது எங்கள் ஊர் மேசையில் பெரும்பாடு. தொழில்முறைப் போட்டிகளில் கற்பலகைக்கு அடியில் சூடேற்றி, துணியை ஈரமின்றி வைத்திருக்கிறார்கள். சென்னையில் கார்த்திகை மாத மழையில், சன்னல்கள் திறந்த ஒரு கூடத்தில், துணி குடிக்கும் ஈரம் மாலைக்கு மாலை மாறும். மதியம் ஆடியபோது கொத்தில் பட்டு நின்ற அதே அடி, இரவு எட்டு மணிக்கு அரை அடி முன்பே நின்றுவிட்டது. போதாததற்குத் துணியின் இழைகள் பாக் பக்கத்திலிருந்து கறுப்பின் பக்கமாகச் சாய்ந்திருக்கும். குஷனில் பட்டுத் திரும்பும் பந்து அந்த இழைகளை எதிர்த்துத்தான் வர வேண்டும். விரைவாக வரும் பந்துக்கு அது பெரிதல்ல. சாகும் வேகத்தில் வரும் பந்தைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். கிளப்பில் மேசையைக் கவனிக்கும் மார்க்கர் அதைத் தூரிகையால் தேய்த்து இஸ்திரி போட்ட நாள்களில் என் அடி ஓரளவு பலித்தது. வாரத்தில் அப்படி எத்தனை நாள் அமையும்?

பழைய அடி தவறும் விதம் வேறு. வேகம் கூடினால் வெள்ளை பாக் குஷனில் மோதி ஓரடி முன்னால் வரும். அப்போதும் சிவப்புகள் வெகு தொலைவில்தான் இருக்கும். மிக மெல்லியதாக உரசினால் திரும்பி வருகையில் பழுப்பையோ மஞ்சளையோ இடித்து அங்கேயே நிற்கும். அதுவும் பாக் பக்கம்தான். தடித்துப் பட்டு நீலத்தில் மோதுவதும், வேகம் குறைந்து மேசை நடுவில் நின்றுவிடுவதும்தான் உண்மையான ஆபத்துகள். வேகத்தில் சந்தேகம் வந்தால் சற்றுக் கூட்டியே அடித்துவிடலாம் என்ற வசதி இந்த அடியில் உண்டு. மென்மையான அடியில் அந்த வசதி துளியும் இல்லை.

நீலத்தில் மோதும் பிழைக்கும் மருந்து உண்டு. என்னைப் பல காலம் வாட்டிய பிழை அது. சிவப்பைத் தடித்து அடிக்கிறேன் என்று தெரிந்தது, ஏன் என்று தெரியவில்லை. குறி சரியாகத்தான் இருந்தது. வலது சைடு கொடுக்கும்போது வெள்ளை புறப்படும் கணத்திலேயே சற்று இடப்பக்கம் விலகுகிறது. இடப்பக்கம் என்றால் கொத்தின் பக்கம். கால்வாசிப் பந்துக்குக் குறிவைத்த அடி அரைப் பந்தாகப் போய் விழுகிறது. அதிக சைடு, அதிக விலகல். கியூவின் (ஆடும் கோலின்) பின்முனையைத் தூக்கிப் பிடித்தால் பந்து வளைந்தும் ஓடும். நான் செய்த மாற்றங்கள் மூன்றே: சைடைப் பாதியாகக் குறைத்தேன், கியூவை மேசைக்கு இணையாகத் தாழ்த்தினேன், சிவப்பின் விளிம்பை மட்டும் பார்த்துக் குறிவைத்தேன். நீலத்தில் மோதுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. பாதி சைடில் வெள்ளை எப்போதும் பச்சைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வதில்லை. பல நேரம் பழுப்புக்குப் பின்னால், குஷனிலிருந்து சில அங்குலம் தள்ளி நிற்கிறது. அந்த இழப்பு எனக்குச் சம்மதம்.

எதிராளி யார் என்பதும் இதே கணக்கில் சேரும். வில்லியம்ஸ் எதிர்கொள்பவர்களுக்கு 9 அடி ஒரு தடையே அல்ல. எங்கள் கிளப்பில் பாக் குஷனை ஒட்டிய வெள்ளையிலிருந்து நீளச் சிவப்பை நம்பி அடிக்கக்கூடியவர் ஒரே ஒருவர். அவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். நீளப் பாட்டில் அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. மற்றவர்களுக்கு அந்தத் தூரமே போதிய காவல்.

நான் மென்மையான அடியை ஆடியது ஒரே ஒரு மழைக்காலம்தான், அதுவும் இரண்டே மேசைகளில். குளிரூட்டிய அறையில், புதுத் துணி போட்ட மேசையில் ஆடுபவர்கள் என் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சூடேற்றிய மேசையில் நான் ஆடியதே இல்லை. இடப்பக்கம் வைத்து, இடது சைடில் மஞ்சளுக்குப் பின்னால் போய் நிற்கும் கண்ணாடி வடிவத்தையும் நான் போதிய அளவு பழகவில்லை. இடக்கைக்காரர்கள் சிலருக்கு அது எளிதாக வருகிறது.

ஓய்வு பெற்ற அந்த வங்கிக்காரரோடு ஆடும்போது மட்டும், மேசை அன்று காய்ந்திருந்தால், இப்போதும் மென்மையான அடியை எடுக்கிறேன். தொடங்கும் முன் வெள்ளையை மேல் குஷனுக்கு உருட்டிவிட்டு, எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்துக்கொள்வேன். 2 அடிக்குக் குறைந்தால், வெள்ளையைப் பழுப்புக்கும் மஞ்சளுக்கும் இடையில் வைத்துவிடுகிறேன்.