ஸ்டெம் செல் மாற்றுக்கு முன்: பிளினாட்டுமோமாபா, இனோட்டுசுமாபா?

பி-செல் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய் அடங்கி, மறுபடி தலைதூக்கிவிட்டால், பெரியவர்களில் பலருக்கு ஸ்டெம் செல் மாற்றுதான் (ரத்தத்தை உருவாக்கும் செல்களை வேறொருவரிடமிருந்து பெற்றுச் செலுத்துவது) நம்பிக்கை. நோய் கொதித்துக்கொண்டிருக்கும்போது அதைச் செய்தால் பலன் குறைவு. முதலில் நோய் அடங்க வேண்டும். வெறும் கீமோவால் பலருக்கு அது நடப்பதில்லை. அதற்குக் கைகொடுக்கும் இரண்டு மருந்துகளில் எது என்பதுதான் கேள்வி.

பிளினாட்டுமோமாப் ஒருபுறம் புற்றணுவின் மேலுள்ள சிடி19 என்ற புரதத்தையும் மறுபுறம் நம் நோயெதிர்ப்பு அணுவான டி-செல்லையும் பிடித்துப் பக்கத்தில் நிறுத்துகிறது, கொல்வது டி-செல். இனோட்டுசுமாப் புற்றணுவின் மேலுள்ள சிடி22 என்ற இன்னொரு புரதத்தில் ஒட்டிக்கொண்டு, தான் சுமந்து வந்த கலிக்கியாமைசின் நஞ்சைப் புற்றணுவுக்குள் இறக்குகிறது.

2016இல் வெளியான இனோட்டுசுமாப் ஆய்வில் 100க்கு 81 பேருக்கு நோய் அடங்கியது. கீமோவில் 29 பேருக்குத்தான். மாற்று வரை போனவர்கள் 41, கீமோவில் 11. 2017இல் வெளியான பிளினாட்டுமோமாப் ஆய்வில் நோய் அடங்கியது 100க்கு 44 பேருக்கு. மாற்றுக்குப் போனவர்கள் கீமோவைப் போலவே 24தான். இந்த எண்களை அப்படியே பக்கத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. இரண்டாவது ஆய்வில் இருந்தவர்கள் பலமுறை சிகிச்சை பார்த்துக் களைத்தவர்கள்.

சரி, அப்படியானால் இனோட்டுசுமாபா? இங்கேதான் எனக்குக் கவலை. கல்லீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைத்துக்கொள்ளும் ஆபத்து அதில் உண்டு. அதுவும் மாற்றுக்குப் பிறகுதான் அதிகம் வருகிறது: மாற்று செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல். உயிரையே எடுக்கக்கூடியது. மாற்றுக்கான பாலமாகப் போட்ட மருந்தே மாற்றைக் கெடுப்பதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

பிளினாட்டுமோமாபின் தொல்லை வேறு மாதிரி. 28 நாள் இடைவிடாமல் பம்ப் வழியே மருந்து ஏற வேண்டும். நோய் திரும்பியவர்களுக்கு முதல் சுற்றில் 9 நாளாவது மருத்துவமனைவாசம். காய்ச்சல், கைநடுக்கம், குழப்பம், சிலருக்கு வலிப்பு. தினமும் ஒரு வாக்கியம் எழுதச் சொல்லிக் கையெழுத்தைப் பார்ப்பது இதற்காகத்தான். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இனோட்டுசுமாப் வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம்.

என் கணிப்பில், நோயின் சுமை குறைவாக இருந்தாலோ, நுண்ணோக்கியில் தெரியாத அளவுக்குப் புற்றணு எச்சம் மட்டும் மிச்சமிருந்தாலோ, கல்லீரல் ஏற்கெனவே அடிபட்டிருந்தாலோ, பிளினாட்டுமோமாப்தான். முதல்முறை நோய் திரும்பிய சிறுவர், இளையோரிடம் 2021இல் வெளியான ஆய்வும் அதற்குத் துணை: இரண்டு ஆண்டு உயிர்வாழ்வு 71%, கீமோவில் 58%. எலும்பு மஜ்ஜை முழுக்கப் புற்றணு நிறைந்திருந்தால் பிளினாட்டுமோமாபுக்குப் பலன் குறைகிறது, அப்போது இனோட்டுசுமாப். ஆனால் முடிந்தவரை இரண்டே சுற்று, அப்புறம் மாற்றுக்கு முந்தைய கீமோவில் இரண்டு ஆல்கைலேட்டர்களை (டிஎன்ஏவைச் சிதைக்கும் ஒரு வகைக் கீமோ மருந்துகள்) சேர்த்துக் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். இந்த இரண்டையும் முதல் ஊசிக்கு முன்பே மாற்றுக் குழுவுடன் பேசி முடித்துவிட வேண்டும்.