அவெஞ்சர் குரூஸ் 220: ஐந்து வருடம், 46,000 கிலோமீட்டர்

2021 ஜனவரியில் எடுத்த பஜாஜ் பைக். பாளையங்கோட்டையில் வீடு. வேலை விஷயமாக மாதத்துக்கு நான்கு தடவை நாகர்கோவில் போய்வர வேண்டும், ஒரு பக்கம் 80 கிலோமீட்டர். ஓடிய தூரத்தில் பெரும்பங்கு அந்தச் சாலையில்தான்.

இந்த வண்டியை வாங்கினது தோற்றத்துக்காக. பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஹெட்லைட்டில் தொடங்கும் கோடு டேங்கில் ஏறி, சீட்டில் பள்ளமாக இறங்கி, பின் மட்கார்டில் வளைந்து முடிகிறது. முன்னால் 17 இன்ச்சில் ஒல்லியான ஸ்போக் வீல், பின்னால் 15 இன்ச்சில் தடித்த டயர். முன் ஃபோர்க் மற்ற வண்டிகளைவிட நன்றாகச் சாய்ந்து, சக்கரத்தைத் தூரமாக நீட்டிப் பிடித்திருக்கிறது. சாப்பர் என்கிற பைக் வகையின் அடையாளமே இந்தச் சாய்வில்தான் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்து அமெரிக்கா திரும்பிய சிப்பாய்கள் பெரிய வண்டிகளில் வேண்டாத தகடுகளை வெட்டி எறிந்து எடையைக் குறைத்தார்கள். 1960களில் கலிஃபோர்னியாவில் ஃபோர்க்கையே நீட்டிச் சாய்த்தார்கள். வெட்டுவதற்கு ஆங்கிலத்தில் ‘சாப்’, அதனால் சாப்பர். அந்த உருவத்தை அளவாக எடுத்துக்கொண்ட வண்டி இது. 2001இல் வந்த பஜாஜ் எலிமினேட்டர் 175இன் சாயல் 2005இல் அவெஞ்சர் 180 ஆகி, 200 ஆகி, 2010இல் 220 ஆனது.

ஃபோர்க்கின் சாய்வை அழகுக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வண்டி எப்படி ஓட வேண்டும் என்பதையே அது முடிவு செய்கிறது என்று புரிய ஓர் ஆடி மாதம் தேவைப்பட்டது.

நாங்குநேரி, வள்ளியூர் வரை ஒன்றும் தெரியாது. பணகுடி தாண்டியதும் காற்று வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். சாலையின் இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றுகிற இடம், சொல்ல வேண்டியதில்லை. வாங்கின வருடம் ஆடியில் அங்கே 70இல் போய்க்கொண்டிருந்தேன். ஒரு காற்று வந்து வண்டியை அரை லேன் இடப்பக்கம் தள்ளியது. பயந்துபோய் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தேன். பிடித்ததுமே ஆட்டம் அதிகமானது. பின்னுக்கு வளைந்து அகலமாக இருக்கிற ஹேண்டில்பார் அது. காற்றில் என் உடம்பு ஆடினால் அந்த ஆட்டம் கை வழியே நேராக முன்சக்கரத்துக்குப் போகிறது. காவல்கிணறு வந்ததும் ஓரம் கட்டி, ஒரு டீ குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். அடுத்த வாரம் அதே இடத்தில் தோளைத் தளர்த்தி, முழங்கையைக் கீழே விட்டு, விரல்களைச் சும்மா மேலே வைத்து ஓட்டினேன். காற்று அடித்தது, வண்டி லேசாகச் சாய்ந்தது, அதுவாகவே நேர்கோட்டுக்கு வந்தது.

சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிக்குக் கீழே இருக்கும் சின்னச் சக்கரம் எந்தப் பக்கம் தள்ளினாலும் பின்னால் திரும்பி ஒழுங்காக இழுபட்டு வருமே, அதே கதைதான். ஃபோர்க் சாயச்சாய, அதன் அச்சுக்கோடு தரையைத் தொடும் இடத்துக்கு இன்னும் பின்னால் டயர் தரையைத் தொடும். அதனால் வேகத்தில் சக்கரம் நேராக நிற்கவே விரும்பும். என் மெக்கானிக் முதல் சர்வீஸிலேயே சொன்னார்: “அண்ணாச்சி, இந்த வண்டிய நீங்க ஓட்டாண்டாம். உக்காந்தா போதும், அது போவும்.” அன்றைக்கு அதை நான் விளங்கிக்கொள்ளவில்லை.

முப்பந்தல் பக்கம் மேற்கே போகும்போது காற்று நேர் எதிரே. அங்கே உயரமான விண்ட்ஷீல்டு நெஞ்சைக் காப்பாற்றும், ஆனால் வேகத்தைப் பிடித்து நிறுத்தும். ஆரல்வாய்மொழி வரை 65க்கு மேல் போக நான் முயல்வதில்லை.

அதே சாய்வு மெதுவான வேகத்தில் வேறு குணம் காட்டும். 163 கிலோ எடை, இரண்டு சக்கரத்துக்கும் இடையே 1,490 மில்லிமீட்டர். எங்கள் தெருவில் ஒரே வீச்சில் யூ டர்ன் வராது. ஹேண்டில்பாரை முழுதாக ஒடித்தால் முன்பக்கம் தொப்பென்று உள்ளே விழப் பார்க்கும். பின் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டு கிளட்ச்சில் விளையாட வேண்டும். கொல்லிமலைக்குப் போனபோது காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் அப்படித்தான் ஏறினேன். முதல் பத்தில் கை வலித்தது. அப்புறம் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பார்வையை வளைவின் முடிவில் வைத்து, அகலமாகப் போய் உள்ளே வந்தேன். அதன் பிறகு மலை முழுக்கச் சந்தோஷம்தான்.

இன்ஜினைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 220 சிசி, 19 குதிரைத்திறன், ஆயில் கூலிங், ஐந்து கியர். பல்சர் 220 குடும்பத்து இன்ஜின். புல்லட் மாதிரி ‘டுபு டுபு’ சத்தத்தை எதிர்பார்த்து வந்தால் கிடைக்காது. வழுவழுவென்று போகும். 75இலிருந்து 80க்குள் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம். எனக்கு ஹைவேயில் லிட்டருக்கு 40, ஊருக்குள் 34 அல்லது 35 கிடைக்கிறது. டேங்க் 13 லிட்டர்.

கால் முன்னால் நீட்டி உட்காருவதால் முழங்காலுக்கு நிம்மதி. ஆனால் ஸ்பீடு பிரேக்கரில் எழுந்து நின்று குலுக்கலைக் காலில் வாங்க முடியாது, எல்லாம் முதுகுத்தண்டுக்குத்தான் வரும். கால் முன்னால் இருக்கிற எந்த வண்டிக்கும் இது பொருந்தும். முதுகுவலி இருக்கிறவர்கள் தயவுசெய்து இதை யோசித்து முடிவெடுங்கள்.

பின்சீட்டைப் பற்றி அம்மாதான் பேச வேண்டும். மூட்டுவலியால் வேறு எந்த பைக்கிலும் அவர் ஏறுவதில்லை. இதில் ஓட்டுபவர் சீட் 737 மில்லிமீட்டர்தான். பின்சீட்டும் ஏறமுடியாத உயரமில்லை, முதுகுக்குச் சாய்மானமும் உண்டு. முதல் தடவை தோவாளைக்குப் பூ வாங்கக் கூட்டிப்போனபோது, “எய்யா, சேர்ல உக்காந்த மாதிரில்லா இருக்கு” என்றார். இப்போது பஸ் வேண்டாம் என்கிறார்.

பராமரிப்பில் பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்போக் வீல் என்பதால் உள்ளே டியூப், பஞ்சரானால் கழற்றத்தான் வேண்டும். அதனால் நீளப் பயணத்தில் ஒரு டியூப் கூடவே வரும். குரோமை வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுகிறேன், கடற்காற்றுச் சாலைக்கு அது அவசியம். பின் டயர் 130/90-15, எல்லாக் கடையிலும் இருப்பு இராது. தேய்மானம் தெரிந்ததுமே சொல்லிவைத்துவிடுங்கள்.

எடுக்க நினைப்பவர்கள் ஷோரூம் வாசலில் நேராக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். உங்கள் தெரு அளவுக்கு ஒரு சந்தில் திருப்பிப் பாருங்கள், இரண்டு ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்குங்கள், வீட்டில் யாரையாவது பின்னால் உட்கார வைத்துக் கேளுங்கள்.