வாடகை வீட்டின் புதுப்பிப்பும் மேலாண்மையும் ஒரே நிறுவனத்திடம்: ஆதம்பாக்கம் வீடு ஒன்றின் அனுபவம்

வெளியூரில் வசித்துக்கொண்டு சென்னையில் வீடு வாங்கி வாடகைக்கு விடுபவர்களுக்காக, கொத்தனார் வேலையிலிருந்து மாத வாடகை வசூல் வரை அனைத்தையும் ஏற்றுக்கொள்ளும் நிறுவனங்கள் இப்போது பல இருக்கின்றன. தென்சென்னையில் இயங்கும் நடுத்தர அளவிலான அத்தகைய ஒரு நிறுவனத்திடம், ஆதம்பாக்கத்தில் முதலீட்டுக்காக நான் வாங்கிய 850 சதுர அடிப் பழைய அடுக்கக வீட்டை ஒப்படைத்தேன். ஒரே ஒரு வீட்டை வைத்து எழுதுவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். வாடகை மேலாண்மைக்கு இவர்களை அமர்த்தலாம் என்பதும், புதுப்பிப்பு வேலையை இவர்கள் பொறுப்பிலேயே விட்டுவிடக் கூடாது என்பதும் என் முடிவு. வேலை தேவையா என்று சொல்பவரும், அந்த வேலையைச் செய்பவரும், செய்த வேலை சரியா என்று பார்ப்பவரும் ஒருவரே என்னும் ஏற்பாடுதான் இந்தச் சேவையின் அடிப்படைக் குறை.

முதலில் அவர்கள் தந்த மதிப்பீடு 5,40,000 ரூபாய். அதில் 1,80,000 ரூபாய் மாடுலர் கிச்சனுக்கும் கூடத்து ஃபால்ஸ் சீலிங்குக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. வீட்டை இருந்த நிலையிலேயே விட்டால் 17,000 ரூபாயும், அடிப்படை வேலைகளைச் செய்தால் 22,000 ரூபாயும், அவற்றோடு கிச்சனையும் சீலிங்கையும் சேர்த்தால் 23,500 ரூபாயும் வாடகை வரும் என்பது அவர்களுடைய கணிப்பே. அந்தக் கணிப்பையே எடுத்துக்கொண்டாலும், 3,60,000 ரூபாய் செலவில் முடியும் அடிப்படை வேலைகளின் பணம் ஆண்டுக்கு 60,000 ரூபாய் கூடுதல் வாடகையாக 6 ஆண்டுகளில் திரும்பிவிடும். அழகு வேலைகளுக்கான 1,80,000 ரூபாயோ ஆண்டுக்கு 18,000 ரூபாய் வீதம் 10 ஆண்டுகளில்தான் திரும்பும், அதற்குள் அலமாரிக் கதவுகளையே மாற்ற வேண்டியிருக்கும். முதன்முறையாக வாடகை வீட்டில் முதலீடு செய்பவர் இந்த வகுத்தல் கணக்கை மதிப்பீட்டின் ஒவ்வொரு வரிக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டையும் நீக்கச் சொன்னபோது நிறுவனம் தயங்காமல் நீக்கியது என்பதையும் சொல்ல வேண்டும்.

மீதமிருந்தவற்றுள் இரண்டு குளியலறைகளும் குழாய்களும் 1,60,000 ரூபாய். இந்த வீட்டின் உயிர்நாடியான வேலை இதுதான். துருப்பிடித்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்களை எடுத்துவிட்டு, வெந்நீர் செல்லும் வழியில் சூட்டைத் தாங்கும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் போட்டார்கள். பழைய டைல்ஸைப் பெயர்த்து, தரையிலும் சுவரின் கீழ்ப்பகுதியிலும் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்தவரை வேலையின் தரம் நன்றாகவே இருந்தது. ஆனால் பூச்சு காய்ந்ததும் தண்ணீர் தேக்கிச் சோதிக்காமலேயே டைல்ஸ் ஒட்டத் தொடங்கவிருந்தார்கள். வடிகால் வாயை அடைத்து, ஓரிரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, குறைந்தது 24 மணி நேரம் கழித்துக் கீழ்த்தளத்து வீட்டின் கூரையைப் போய்ப் பார்ப்பது என்பது எந்த அனுபவமுள்ள மேஸ்திரியும் அறிந்த நடைமுறை. நான் வற்புறுத்திய பிறகே அதைச் செய்தார்கள். தரையில் தண்ணீர் வடியும் வாயான நானி ட்ராப்பைச் சுற்றிக் கீழே ஈரம் படர்ந்தது. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே அது தெரிந்துவிட்டதால் அந்த மூலையை மட்டும் மீண்டும் பூசிச் சரிசெய்ய முடிந்தது. குடித்தனம் வந்த பிறகு தெரிந்திருந்தால், புதிய டைல்ஸை உடைப்பதோடு, கீழ்வீட்டுக்காரரின் கூரைக்கும் நானே பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

ஒயரிங் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எர்த் கம்பி இல்லாத பழைய இணைப்புகளை எடுத்துவிட்டு, விளக்குகளுக்கு 1.5, பிளக் பாயின்ட்டுகளுக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிகளை இழுத்து, மின்கசிவு ஏற்பட்டால் 30 மில்லி ஆம்பியரில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் பாதுகாப்புக் கருவியும் பொருத்தினார்கள். 80,000 ரூபாய் நியாயமான தொகை.

பெயின்டிங் அப்படியல்ல. குளியலறைச் சுவரின் மறுபக்கம், அதாவது படுக்கையறையில், பல ஆண்டு ஓதம் ஏறியிருந்தது. அந்தச் சுவர் முழுமையாக உலரும் வரை காத்திருக்காமல், மற்ற சுவர்களோடு சேர்த்து அதற்கும் பட்டி பார்த்து, பிரைமரும் இரண்டு கோட் எமல்ஷனும் அடித்து முடித்துவிட்டார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் அந்த இடம் கொப்புளித்து உதிர்ந்தது. ஓராண்டு உத்தரவாதத்தின் கீழ்ச் செலவில்லாமல் திரும்பச் செய்தார்கள் என்றாலும், அதற்குள் குடிவந்துவிட்டவர் படுக்கையறையைக் காலிசெய்து கொடுத்துக் கூடத்தில் தூங்க வேண்டியதாயிற்று. அந்தச் சிரமத்துக்கு எந்த உத்தரவாதமும் ஈடாகாது. மேலும், கதவு, சன்னல்களின் பரப்பைக் கழிக்காமலேயே சதுர அடிக் கணக்கில் பில் போட்டிருந்தார்கள். பெயின்ட் பில்லைப் பெற்றவுடன் டேப்பை எடுத்து ஒரே ஓர் அறையையாவது அளந்து பாருங்கள். மற்ற அறைகளின் கணக்கும் அதிலேயே தெரிந்துவிடும்.

மேலாண்மைக்கு வருகிறேன். மாத வாடகையில் 8 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.; 22,000 ரூபாய் வாடகைக்கு மாதம் ஏறத்தாழ 2,077 ரூபாய், ஆண்டுக்கு ஒரு மாத வாடகையைச் சற்றே தாண்டும் தொகை. குடித்தனக்காரரைக் கண்டுபிடித்துத் தருவதற்குத் தரகர்கள் வழக்கமாகக் கேட்கும் ஒரு மாத வாடகைக்குப் பதிலாக இவர்கள் அரை மாத வாடகையே வாங்கினார்கள். வாடகை வங்கிக் கணக்கில் தவறாமல் வருகிறது. மாத அறிக்கையில் ரசீதுகளும் பழுதுகளின் படங்களும் ஒழுங்காக இருக்கின்றன. வரிக் கணக்கில் மட்டும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாடகை வருமானத்தில் சொத்து வரியைக் கழித்த பிறகு 30 சதவீதத்தை நிலையான கழிவாகச் சட்டம் தருகிறது. பழுதுபார்ப்பு, மேலாண்மைக் கட்டணம் எல்லாம் அதற்குள் அடக்கம் என்பதால், இந்தக் கட்டணத்தைத் தனியாகக் கழித்துக்கொள்ள முடியாது. எனவே முதலீட்டின் பலனைக் கணக்கிடும்போது, 8 சதவீதத்தையும் ஜி.எஸ்.டி.யையும் முழுச் செலவாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம், அதாவது 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம், சொத்து மேலாளரின் கடமைகளையும் வரையறுக்கிறது: ரசீது கொடுத்து வாடகை வாங்குதல், அவசியமான பழுதுகளை உரிமையாளர் சார்பில் பார்த்தல், வீட்டைப் பார்வையிடுதல், அறிவிப்புகள் வழங்குதல், பிணக்குகளைத் தீர்க்க உதவுதல். இந்த நிறுவனம் அவற்றைப் பெரும்பாலும் செய்கிறது. ஆனால் அதே சட்டத்தின் மற்ற பகுதிகளில் அதன் ஊழியர்களுக்குப் பயிற்சி போதவில்லை. 11 மாத ஒப்பந்தம் என்பதால் பதிவு வேண்டாம் என்று அவர்களுடைய அலுவலர் உறுதியாகச் சொன்னார். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளுக்கே பதிவு கட்டாயம் என்னும் பழைய பதிவுச் சட்டத்திலிருந்து வந்த பழக்கம் அது. இன்றைய வாடகைச் சட்டத்தின்படி, எந்தக் கால அளவாக இருந்தாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை, இந்தச் சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட அரசு அலுவலரான வாடகை அதிகாரியிடம் 90 நாட்களுக்குள் பதிவு செய்யவும் வேண்டும். நான் கேட்டுக்கொண்ட பிறகு இணையவழியில் விண்ணப்பித்துப் பதிவெண்ணைப் பெற்றுத் தந்தார்கள்.

குடியிருப்பவரை அவர்கள் நடத்தும் விதம்தான் எனக்கு மிகுந்த அக்கறைக்குரியதாக இருந்தது. அட்வான்ஸ் விஷயத்தில் நன்றாகவே நடந்துகொண்டார்கள். சென்னையில் பத்து மாத வாடகை கேட்ட காலத்துப் பழக்கத்துக்குப் போகாமல், சட்டம் சொல்லும் மூன்று மாத அளவாகிய 66,000 ரூபாயையே வாங்கினார்கள். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் உணவுப் பழக்கத்தையும் திருமணமான விவரத்தையும் கேட்டிருந்தார்கள்; என் வீட்டுக்கு அந்தக் கேள்விகள் வேண்டாம் என்று நீக்கச் செய்தேன். குடிவந்தவர் இரவுப் பணி பார்க்கும் செவிலியர். வீட்டைப் பார்வையிட வரும் ஊழியர் அன்று காலையில் தொலைபேசியில் சொல்லிவிட்டு வந்து, பணி முடிந்து உறங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பியிருக்கிறார். 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்காமல் உரிமையாளரோ மேலாளரோ வாடகை வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பது சட்டம். அவர் வாடகை கொடுக்கும் காலம் முழுவதும் அது அவருடைய வீடு. நான் எழுதிக் கேட்டதும் நிறுவனம் அவரிடம் வருத்தம் தெரிவித்தது.

சிறு பழுதுகளின் செலவிலும் கண் வைக்க வேண்டியிருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், கீசர் போன்றவற்றின் பழுது குடியிருப்பவர் பொறுப்பு என்றும், கட்டடப் பழுது, சுவர்களுக்கு வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல், ஒயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு என்றும் சட்டத்தின் அட்டவணை பிரிக்கிறது. நிறுவனமோ எல்லாவற்றையும், வருகைக்கு 350 ரூபாய் சேர்த்து, என் கணக்கில் எழுதிவந்தது. போர்வெல் தண்ணீரின் உப்பால் கீசரின் சூடேற்றும் கம்பிச்சுருள் பழுதானபோது அந்தச் செலவை நானே விரும்பி ஏற்றேன், ஏனெனில் தண்ணீரின் குணத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பாக முடியாது; ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது நான்.

நிறுவனத்துடனான ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது மேலாண்மையை மட்டும் இவர்களிடம் தொடர்ந்திருக்கிறேன். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட எந்த வேலைக்கும் படமும் என் எழுத்து ஒப்புதலும் வேண்டும், அந்த வேலைக்கு ஆதம்பாக்கத்து மேஸ்திரி ஒருவரிடமும் விலை கேட்கப்படும், அட்வான்ஸ் தொகை நேராக என் கணக்குக்கு வர வேண்டும் என்னும் மூன்று நிபந்தனைகளையும் சேர்க்கச் சொன்னேன். மூன்றாவதற்குச் சிறிது தயங்கினாலும், மூன்றையும் ஏற்றுக் கையெழுத்திட்டார்கள்.