அயல் குறிச்சொல்லுக்கு இடம் விடுவது எப்படி: எக்ஸ்எஸ்டியா, ரிலாக்ஸ் என்ஜியா?

எக்ஸ்எம்எல் ஆவணங்களுக்கு ஒரு குறிச்சொல் தொகுதியைத் தனியாக வடிவமைப்பது பெரிய வேலையில்லை. அதற்குள் இன்னொருவருடைய குறிச்சொற்கள் வந்து உட்காரும்போதுதான் ஸ்கீமாவின், அதாவது எந்தக் குறிச்சொல் எங்கே வரலாம் என்று சொல்லும் விதிக்கோப்பின், குணம் தெரியும். கையில் இருக்கும் வழிகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி 2001-இல் வெளியிட்ட எக்ஸ்எஸ்டி. மற்றது, அதே ஆண்டில் ஓயாசிஸ் என்ற தர அமைப்பு வெளியிட்டு, பிறகு ஐஎஸ்ஓ தரமாகவும் ஆன ரிலாக்ஸ் என்ஜி. மூல ஸ்கீமாவை ரிலாக்ஸ் என்ஜியில்தான் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

எக்ஸ்எஸ்டிக்கு உள்ள பலம் தெரிந்ததுதான். ஜாவாவிலும் டாட்நெட்டிலும் ஸ்கீமாவிலிருந்து கிளாஸ்களை நேரடியாக உருவாக்கிக்கொள்ளலாம், இணையச் சேவைகளை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் நடைமுறையில் அதைத்தான் கேட்கும், ஓரிடத்தில் சுட்டிய மதிப்பு இன்னோரிடத்தில் உள்ளதா என்று பார்க்கும் கீ–கீரெஃப் சரிபார்ப்பும் உண்டு. ஆவணம் இரண்டு நிரல்களுக்கு இடையே மட்டும் போய்வருகிறது, அயலார் யாரும் நுழையப்போவதில்லை என்றால் மேலே படிக்க வேண்டாம், எக்ஸ்எஸ்டியே போதும்.

அயலார் நுழைவார்கள் என்றால் சிக்கல் வைல்டுகார்டில், அதாவது எந்தக் குறிச்சொல்லும் வரலாம் என்று விடும் இடத்தில், தொடங்குகிறது. எக்ஸ்எம்எல்லில் குறிச்சொற்களைத் தமிழிலேயே வைக்கலாம். எடுத்துக்காட்டும் அப்படியே இருக்கட்டும். ‘ஆணை’க்குள் ‘பொருள்’, ‘விலை’ கட்டாயம், ‘குறிப்பு’ இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி, கடைசியில் யார் எதை வேண்டுமானாலும் சேர்க்க ஒரு வைல்டுகார்டு. எக்ஸ்எஸ்டி 1.0 இதை ஏற்காது. ‘குறிப்பு’ வந்தால் அது ஸ்கீமாவில் அறிவித்த குறிப்பா, வைல்டுகார்டில் அடங்கியதா என்று ஆவணத்தைப் படிக்கும் பார்சரால் சொல்ல முடியாது. வரும் எலிமென்ட் (குறிச்சொல்லும் அதன் உள்ளடக்கமும் சேர்ந்தது) ஒவ்வொன்றும் ஸ்கீமாவின் எந்த உறுப்பைச் சேர்ந்தது என்பது, பின்னால் வருவதைப் பார்க்காமலே, ஐயமறத் தெரிய வேண்டும் என்பது அதன் விதி. இதை யூபிஏ (யுனிக் பார்ட்டிகிள் ஆட்ரிபியூஷன்) என்பார்கள்.

எல்லோரும் எடுக்கும் மாற்றுவழி, வைல்டுகார்டை ‘##அதர்’ ஆக்கி, நம் நேம்ஸ்பேஸ் (ஒரு தொகுதியின் பெயர்களை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாள முகவரி) தவிர மற்றவை வரலாம் என்று விடுவது. ஸ்கீமா கம்பைல் ஆகும். ஆனால் பராமரிப்பில் இரண்டு இடத்தில் காலை வாரும்.

முதலாவது, அடுத்த பதிப்பு. ‘தள்ளுபடி’ என்று ஒன்றை நம் நேம்ஸ்பேஸிலேயே சேர்த்தால், பழைய ஸ்கீமா வைத்திருப்பவர்களிடம் புதிய ஆவணம் தேறாது. வைல்டுகார்டு நம்மை மட்டும்தான் தடுக்கிறது! இதைச் சமாளிக்க ‘நீட்சி’ என்ற உறை எலிமென்ட் ஒன்றை வைத்து அதற்குள் புதியவற்றைப் போடும் உத்தி உண்டு. மூன்றாம் பதிப்பில் நீட்சிக்குள் நீட்சி வரும்.

இரண்டாவதுதான் தொகுதிகளை இணைப்பவர்களை நேராகப் பாதிப்பது. டப்ளின் கோர் என்ற பொது மெட்டாடேட்டா தொகுதியின் தேதி எலிமென்ட்டைப் பெயர் சொல்லி, விருப்ப உறுப்பாக, வைல்டுகார்டுக்கு முன்னால் சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள். அது அயல் நேம்ஸ்பேஸ். ‘##அதர்’ அதையும் பிடிக்கும். மறுபடியும் யூபிஏ பிழை. அதாவது ஓர் அயல் தொகுதியை முகம் தெரியாதவராக வைத்திருக்கும்வரை இடம் உண்டு, பெயர் சொல்லி வரவேற்றால் இடம் போயிற்று. ‘இது தவிர’ என்று விலக்கிச் சொல்ல 1.0-இல் வழியில்லை, அனுமதிக்கும் நேம்ஸ்பேஸ்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட வேண்டும்.

2012-இல் வந்த எக்ஸ்எஸ்டி 1.1 இதைச் சரிசெய்தது: பெயர் சொன்ன எலிமென்ட்டுக்கே முன்னுரிமை, வைல்டுகார்டில் விலக்குப் பட்டியலும் போடலாம். சரிபார்ப்புக் கருவிகளில் ஜாவாவின் ஜெர்சிஸும் சாக்ஸனின் கட்டணப் பதிப்பும் அதை ஆதரிக்கின்றன. லிப்எக்ஸ்எம்எல்2-உம் டாட்நெட்டின் உள்ளமைந்த சரிபார்ப்பும் 1.0-ஓடு நின்றுவிட்டன. ஆவணத்தைப் பெறுபவர் எந்தக் கருவியை ஓட்டுகிறார் என்பது நம் கையில் இல்லாதபோது 1.1-ஐ நம்பி இறங்குவது துணிச்சல்தான்.

ரிலாக்ஸ் என்ஜியில் யூபிஏ போன்ற விதியே இல்லை. ‘எல்லாப் பெயரும், நம் நேம்ஸ்பேஸ் கழித்து’ என்று அயல் எலிமென்ட்டுக்கு ஒரு வரையறை எழுதி, அதை ‘&’ குறியால் நம் உள்ளடக்கத்தோடு சேர்த்தால், அயல் எலிமென்ட் எந்த இரண்டு உறுப்புக்கு நடுவிலும் வரலாம். பிறர் நம் கோப்பைத் தொடாமலே ‘|=’ போட்டு நம் வரையறைக்குள் தங்கள் மாற்றைச் சேர்க்கலாம். ‘ஆட்டம்’ (Atom) என்ற செய்தி ஊட்ட வடிவத்தின் தரமான ஆர்எஃப்சி 4287 (2005) தன் ஸ்கீமாவை ரிலாக்ஸ் என்ஜியில்தான் தருகிறது. நீட்சிகளுக்கு இடம் விடும் முறைக்கு அதன் பின்னிணைப்பைப் பார்த்து எழுதினால் போதும்.

இங்கும் இரண்டு பொறிகள் உண்டு. ‘&’-இன் இரு பக்கமும் ஒரே பெயர் பொருந்தக்கூடாது; ஆகவே டப்ளின் கோர் தேதியைப் பெயர் சொல்லிச் சேர்த்தால் அயல் வரையறையிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். கழிக்க முடிகிறது என்பதுதான் வித்தியாசம். இன்னொன்று, ரிலாக்ஸ் என்ஜி சரிபார்ப்புக் கருவியான ஜிங் தரும் ஐடி வகை முரண் பிழை. அயல் எலிமென்ட்டின் உள்ளே ‘எதுவும் வரலாம்’ என்று விட்டால், ஐடி (தனித்த அடையாளம்) ஆட்ரிபியூட் உள்ள நம் எலிமென்ட்டும் அதில் அடங்கிவிடும். அங்கே அதே ஆட்ரிபியூட் வெறும் டெக்ஸ்ட். உள்ளடுக்கிலும் நம் நேம்ஸ்பேஸைக் கழித்தால் தீரும். ஜிங்கின் ‘-i’ சுவிட்ச் ஐடி சோதனையையே அணைத்துவிடும் என்பதால் அது கடைசி வழி.

எக்ஸ்எஸ்டி கேட்பவர்களுக்கு டிராங் கருவியால் மாற்றித் தரலாம், ஆனால் ‘&’ உள்ள இடங்கள் தோராயமாகத்தான் மாறும். எது அதிகாரபூர்வ ஸ்கீமா என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். என்விடிஎல் கொண்டு நேம்ஸ்பேஸ்வாரியாகப் பிரித்துச் சரிபார்க்கும் வழியும் நல்லதுதான். ஜிங்கில் சிறு ஆவணங்களோடு பழகியதைத் தாண்டி அதை அழுத்திப் பரிந்துரைக்க மாட்டேன்.

எதைத் தேர்ந்தாலும் சில விஷயங்கள் பொது. எக்ஸ்எஸ்டியில் ‘எலிமென்ட்ஃபார்ம்டிஃபால்ட்’ தானாக ‘அன்குவாலிஃபைடு’. மாற்றாவிட்டால் உள் எலிமென்ட்களுக்கு நேம்ஸ்பேஸே இருக்காது, வேறொரு ஆவணத்தின் இயல்பு நேம்ஸ்பேஸுக்குள் ஒட்டினால் அதை வாரிக்கொள்ளும். ஆட்ரிபியூட் மதிப்புக்குள் முன்னொட்டோடு பெயர் எழுதாதீர்கள்; ஆவணங்களை இணைக்கும் கருவி முன்னொட்டை மாற்றினால் அந்த மதிப்பு மட்டும் பழையபடியே நிற்கும். பதிப்பு மாறும்போது நேம்ஸ்பேஸை மாற்ற வேண்டாம்: எக்ஸ்எஸ்எல்டி 1.0 முதல் 3.0 வரை 1999 என்ற ஆண்டு பதிந்த அதே முகவரிதான், மாறுவது ‘வெர்ஷன்’ ஆட்ரிபியூட் மட்டும்.

தெரியாத குறிச்சொல் வந்தால் மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பதை எந்த ஸ்கீமாவும் சொல்லாது. முழுதாகத் தாண்டுவதா, உறையை உரித்து உள்ளே இருப்பதைக் காட்டுவதா, சோப் (SOAP) என்ற செய்தி நெறிமுறையின் ‘மஸ்ட்அண்டர்ஸ்டாண்ட்’ போலப் பிழை எழுப்புவதா என்பதை விவரக்குறிப்பில் உரைநடையாகத்தான் எழுத வேண்டும்.