ஹூவர் அணை: மேலே நின்று திரும்பிவிடாதீர்கள்

லாஸ் வேகாஸிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய ஹூவர் அணைக்கு வருவோரில் பலர், உச்சியில் உள்ள சாலையில் நடந்து, நெவாடாவும் அரிசோனாவும் சந்திக்கும் இடத்தில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகின்றனர். வழிகாட்டியுடன் செல்லும் சுற்றுகளில் ஒன்று மின்நிலையத்தை மட்டும் காட்டுகிறது. மற்றொன்று அணையின் உடலுக்குள்ளேயே அழைத்துச் செல்கிறது. கட்டணம் கூடுதலானாலும் இரண்டாவதையே பரிந்துரைப்பேன்.

லிப்ட் பாறையினூடே சுமார் 530 அடி இறங்கியதும், 30 அடி விட்டமுள்ள நீர்க்குழாயின் மேல் அமைந்த மேடைக்கு வந்து சேர்கிறோம். கொலராடோ ஆற்று நீர் உள்ளே பாயும் அதிர்வு காலடியில் தெரிகிறது. தண்ணீரோ துளிகூடக் கண்ணில் படுவதில்லை. அடுத்து மின்நிலையத்தின் நெவாடா பகுதி. அணையின் 17 பெரிய ஜெனரேட்டர்களில் 8 இங்கே வரிசையாக நிற்கின்றன. மொத்தத் திறன் சுமார் 2,080 மெகாவாட் என்றாலும், அணை தேக்கிவைத்துள்ள மீட் ஏரியின் மட்டம் தாழத் தாழ நீரின் அழுத்தமும் குறைவதால் அந்த அளவை இப்போது எட்ட முடிவதில்லை. ஏரிக்கரைப் பாறைகளில் படிந்துள்ள வெண்ணிறப் பட்டையே அதற்குச் சாட்சி. பூர்வகுடிகளின் வடிவங்களைத் தழுவிப் பதிக்கப்பட்ட தரையையும் குனிந்து பார்க்க வேண்டும். இயந்திரங்களுக்கு நடுவே இத்தனை அலங்காரமா என்று வியக்கத் தோன்றும்.

கொடுத்த பணத்துக்கு உரிய பகுதி, கண்காணிப்புக்காக விடப்பட்ட குறுகலான சுரங்க வழிகள்தாம். அடியில் 660 அடி தடிமனுள்ள இந்தக் காங்கிரீட்டை ஒரே பாளமாக வார்த்திருந்தால், இறுகும்போது எழும் வெப்பம் தணிய நூறாண்டுக்கு மேல் ஆகியிருக்கும் என்பது பொறியாளர்களின் கணக்கு. ஆகவே 1933 முதல் 1935 வரை அதைத் தனித்தனிக் கட்டங்களாக, ஒவ்வொரு முறையும் 5 அடி உயரத்துக்கு மட்டும் வார்த்து, உள்ளே பதித்த 582 மைல் நீளக் குழாய்களில் குளிர்ந்த நீரை ஓடவிட்டு ஆறவைத்தனர். பிறகு அக்குழாய்களிலும் சிமெண்டுக் குழம்பை நிரப்பினர். இவ்வளவு மெல்லிய அடுக்குகளில் எழுந்த அணைக்குள் தொழிலாளர்களின் உடல்கள் புதைந்துள்ளன என்ற கதை எடுபடாது. கட்டுமானத்தில் 96 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு சொல்கிறது என்பது வேறு விஷயம். ஒரு சுரங்க வழியின் முனையில் உள்ள காற்றுத் திறப்பின் வழியே, அணையின் முகப்பிலிருந்தே ஆற்றையும் 2010இல் திறக்கப்பட்ட பாலத்தையும் பார்க்கலாம்.

நீண்ட சுற்றுக்கான சீட்டு நேரில் மட்டுமே, வருவோர் வரிசைப்படி தரப்படுவதால் காலையிலேயே செல்வது நல்லது. குறுகிய இடங்களில் மூச்சு முட்டுவோரும், சக்கர நாற்காலியில் வருவோரும், கைக்குழந்தையுடன் செல்வோரும் மின்நிலையச் சுற்றைத் தேர்ந்தெடுக்கலாம்.