சிங்கப்பூரா, துபாயா, லண்டனா: நம்ம ஊர் லைசென்ஸ் எங்கே எவ்வளவு செல்லும்?

செட்டிநாட்டில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பாத வீடு குறைவு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன அய்யாக்களிடம் கார் ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இப்போது போகிற பேரப்பிள்ளைகளுக்கு, வீடு பிடித்த கையோடு வருகிற கேள்வி அதுதான். காரைக்குடியில் எடுத்த லைசென்ஸை வைத்து அங்கே எத்தனை நாள் ஓட்டலாம், மாற்றித்தருவார்களா, முதலிலிருந்து தொடங்கணுமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுலபம் சிங்கப்பூர். செலவும் அலைச்சலும் துபாய். கண்டிப்பு லண்டன். ஆனால் நாலைந்து வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தால், அதிகம் அழுத துபாய்க்காரர் கையில்தான் மதிப்புள்ள கார்டு இருக்கும்.

சிங்கப்பூரில் கார் லைசென்ஸை மாற்ற ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. பேசிக் தியரி டெஸ்ட் என்ற எழுத்துத் தேர்வு ஒன்று போதும். 50 கேள்வி, 45 சரியாக இருக்கணும். நம்மைப் போலவே இடது பக்கம் ஓட்டுகிற ஊர் என்பதால் பாதி விஷயம் பழகியதுதான். மீதியைப் புத்தகத்தைப் புரட்டித்தான் தெரிந்துகொள்ளணும். மஞ்சள் கோடு ஒன்றா இரண்டா, நேரா வளைந்தா என்பதற்கெல்லாம் அங்கே அர்த்தம் உண்டு. நம்ம செக்காலை ரோட்டில் வண்டியை நிறுத்திப் பழகியவர்கள் மார்க்கை விடுவது அங்கேதான்.

கெடு 12 மாதம். அந்த 12 மாதமும் நம்ம லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்பதால் பலரும் அதைச் சலுகையாக எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார்கள். புக்கிட் பாத்தோக், ஊபி, உட்லண்ட்ஸ் மையங்களில் தேர்வுக்கு இடம் நினைத்த நாளில் கிடைப்பதில்லை. பதினோராவது மாதத்தில் விழித்துக்கொண்டால் இடையில் ஓட்டாமல் இருக்க வேண்டியதுதான். கெடு தாண்டி ஓட்டினால் இன்சூரன்ஸும் கைகொடுக்காது. பி.ஆர். என்கிற நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைத்தவர்களுக்குக் கெடு இன்னும் குறைவு. ஒர்க் பெர்மிட்டில் போகிறவர்களுக்கும், வண்டி ஓட்டுவதையே வேலையாகப் பார்க்கப் போகிறவர்களுக்கும் விதியே வேறு. நான் சொன்ன சுலபம் அவர்களுக்குப் பொருந்தாது.

"கார் வாங்க உரிமைச் சீட்டுக்கே லட்சம் டாலர் போகிற ஊரில் லைசென்ஸ் எதற்கு அம்மான்?" என்று ஆச்சி (அக்கா) மகன் கேட்டான். வாடகைக் கார் எடுக்கலாம், ஜோகூர் வரை போய்வரலாம் என்பது ஒரு பதில். ஒரு தியரி தேர்வில் முடிகிற காரியத்தைச் செய்யாமல் விடுவானேன் என்பது இன்னொன்று.

துபாய்க்கு வருவோம். ரெசிடென்ஸ் விசா அடித்த பிறகு நம்ம லைசென்ஸில் ஓட்ட முடியாது. இன்டர்நேஷனல் பெர்மிட்டும் சுற்றுலா வந்தவருக்குத்தான். நேரடி மாற்றம் கிடையாது: கண் பரிசோதனை, தியரி, பார்க்கிங், ரோடு டெஸ்ட் என்று படிப்படியாக ஏறணும். தியரியைத் தமிழிலேயே எழுதலாம் என்பது ஓர் ஆறுதல்.

இங்கேதான் நம்ம லைசென்ஸின் வயது காசாகிறது. 2 வருஷத்துக்குக் குறைவான லைசென்ஸ் என்றால் 20 மணி நேரப் பயிற்சி. 2 முதல் 5 வருஷம் என்றால் 15. 5 வருஷத்துக்கு மேல் 10. மணிக்கணக்கில்தான் கட்டணம், ஆயிரக்கணக்கான திர்ஹம் போகும். அதனால் 18 முடிந்ததும் எல்.எல்.ஆர். போட்டு, 'எச்' போட்டு லைசென்ஸ் எடுத்து வைத்துவிடுங்கள் என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். வீட்டில் கார் இல்லை என்பது காரணமே இல்லை. 24 வயதில் துபாய் போகிறவனுக்கு அது 10 மணி நேரக் கட்டணத்தை மிச்சமாக்கும்.

2023இல் 'கோல்டன் சான்ஸ்' என்று ஒரு வழி திறந்தார்கள். வகுப்பே இல்லாமல் ஒரே ஒருமுறை நேராகத் தேர்வுக்குப் போகலாம். தேறினால் லைசென்ஸ், தவறினால் வகுப்பு. நன்றாக ஓட்டுகிறவர்களும் இதில் விழுகிறார்கள், ஏனென்றால் அங்கே வலது பக்கம் ஓட்டணும். காரைக்குடி - திருப்பத்தூர் ரோட்டில் பத்து வருஷம் ஓட்டிய கை, ரவுண்டானா வந்ததும் தானாக இடது பக்கம் இழுக்கும். கட்டணம் போனாலும் பரவாயில்லை என்று முயன்று பார்க்கலாம். ஆனால் அதற்கு முன் சொந்தச் செலவில் இரண்டு மூன்று மணி நேரமாவது வலது பக்கம் ஓட்டிப் பழகாமல் போகாதீர்கள்.

துபாய்க்காரருக்குக் கடைசியில் லாபம் என்று சொன்னதற்குக் காரணம் பிரிட்டனில் இருக்கிறது. தேர்வில்லாமல் லைசென்ஸ் மாற்றித்தருகிற நாடுகளின் பட்டியல் ஒன்று அங்கே உண்டு. இந்தியா அதில் இல்லை. ஐக்கிய அரபு அமீரகம் 2021இல் சேர்ந்துவிட்டது. துபாயில் தேர்வு எழுதி வாங்கியவர் பிறகு லண்டனில் குடியேறினால், 5 வருஷத்துக்குள் விண்ணப்பம் போட்டு மாற்றிக்கொள்ளலாம். காரைக்குடியிலிருந்து நேராக லண்டன் போகிறவர் முழுத் தேர்வையும் எழுதணும்.

அந்த முழுத் தேர்வு லேசானதில்லை. முதல் 12 மாதம் நம்ம லைசென்ஸில் ஓட்டலாம். அதற்குப் பிறகு நீங்கள் வெறும் கற்பவர்: எல் போர்டு, பக்கத்தில் 21 வயது நிரம்பி 3 வருஷ லைசென்ஸ் உள்ள ஒருவர். தியரியில் 50க்கு 43. அதோடு, ஆபத்து வருவதைத் திரையில் பார்த்துச் சொடுக்குகிற பகுதியில் 75க்கு 44. ரோடு டெஸ்ட் சுமார் 40 நிமிஷம். சின்னப் பிழை 15 வரை பொறுப்பார்கள், பெரிய பிழை ஒன்று வந்தாலும் போச்சு. நம்ம ஆட்கள் தோற்பது ஸ்டியரிங்கிலோ கியரிலோ இல்லை, கண்ணாடியில். திரும்புவதற்கு முன், நிறுத்துவதற்கு முன், வேகம் மாற்றுவதற்கு முன் கண்ணாடியைப் பார்த்தீர்களா என்பதைத்தான் பக்கத்திலிருப்பவர் கவனிப்பார். பின்னால் வருகிறவன் ஹார்ன் அடித்துச் சொல்லட்டும் என்கிற நம்ம ஊர்ப் பழக்கத்துக்கு அங்கே மார்க் கிடையாது.

ஆனாலும் சிங்கப்பூர் முறையைவிட லண்டன் முறைதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. ரோட்டில் இறங்குகிறவனுக்கு ஓட்டத் தெரியுமா என்று யாராவது ஒருவர் உட்கார்ந்து பார்க்கணும். ரோடு டெஸ்டுக்குத் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். போய் இறங்கிய முதல் மாதமே கற்பவருக்கான தற்காலிக லைசென்ஸுக்கு எழுதிப் போடுங்கள்.

ஜெர்மனியில் கெடு 6 மாதம்தான். அதன் பிறகு தியரியும் ரோடு டெஸ்டும் உண்டு. வகுப்புக் கட்டாயமில்லை, ஆனால் டிரைவிங் ஸ்கூல் மூலமாகத்தான் ரோடு டெஸ்டுக்குப் போகணும். தியரியை ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழ் இல்லை. புது லைசென்ஸ் தரும்போது நம்ம கார்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். அமெரிக்கா மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் குடியேறியவருக்கு 90 நாள், கலிபோர்னியாவில் வெறும் 10 நாள்.

திரும்பி வருகிறவர்கள் கதை வேறு. சிங்கப்பூரில் இருபது வருஷம் இருந்துவிட்டுப் பள்ளத்தூரிலோ கானாடுகாத்தானிலோ வந்து உட்காருகிறவருக்கு இரண்டு வழி. பழைய இந்திய லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருஷம் தாண்டவில்லை என்றால் அதைப் புதுப்பிப்பதே மேல். தேர்வு இல்லை, 40 தாண்டியவருக்கு டாக்டர் சான்று மட்டும் வேண்டும். ஒரு வருஷம் தாண்டிவிட்டால் புதுப்பிக்கவும் ஓட்டிக் காட்டணும். அப்போது இரண்டாவது வழியைப் பாருங்கள்: செல்லுபடியாகும் வெளிநாட்டு லைசென்ஸும் மருத்துவச் சான்றும் காட்டினால் ஓட்டுத் தேர்வு தேவையில்லை என்று 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்கிறது. நடைமுறையில் எல்.எல்.ஆர். எடுத்து வரச் சொல்கிற ஆபீஸும் உண்டு. எனவே சிங்கப்பூர் கார்டு உயிரோடு இருக்கும்போதே வந்து எழுதிக்கொடுங்கள்.

கிளம்புகிறவர்கள் இன்னொன்றும் பார்க்கணும், அது பெயர். பழ., சித., லெ., அரு. என்று நம்ம வீட்டு இனிஷியல்கள் லைசென்ஸில் ஒரு மாதிரியும், பாஸ்போர்ட்டில் விரித்து இன்னொரு மாதிரியும் இருக்கும். அங்கே கவுண்டரில் இருப்பவருக்கு இரண்டும் இரண்டு ஆள். அரசின் சாரதி இணையதளத்தில் லைசென்ஸ் விவரத்தை எடுத்து, பெயர், பிறந்த தேதி, முதன்முதலில் வழங்கிய தேதி மூன்றும் பாஸ்போர்ட்டோடும் கார்டோடும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் டிக்கெட் போடுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் திருத்திக்கொள்ளுங்கள். விமானம் ஏறிய பிறகு அதைத் திருத்த அப்பச்சியை (அப்பாவை)த்தான் அலையவிட வேண்டியிருக்கும், அப்போதும் கையெழுத்துக்கு நீங்கள் வேண்டும் என்பார்கள்.